பெயரை எழுதிக் கொடுத்தவன்

இதில் ஒருவருடைய பெயரும் வராது. உணவகத்தின் பெயரையும் சொல்லமாட்டேன், அது ஒஸ்லோவில் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் சொல்லமாட்டேன். கதை சொல்ல வந்தவனுக்கு இதென்ன பிகு என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். பெயர் எழுதி நான் ஒருதடவை பார்த்த வேலை போதும்.

அந்த உணவகத்தை நடத்தும் உய்குர்ப் பெண்ணுக்குத் தாய் என்று மிஞ்சியிருந்தது பத்து நிமிடம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, கைத்தொலைபேசித் திரையில் வரும் பத்து நிமிடம். அதை இல்லாமல் செய்தவன் நான். வேறு யாரையும் கை காட்ட முடியாது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லும்போது எனக்கே எரிச்சல் வருகிறது.

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலிருந்து வந்தவன். இருபத்திரண்டு வயதில் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டத் தொடங்கினேன். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் முப்பது வருடம் நின்றேன். அவித்த உருளைக்கிழங்கையும் வெள்ளைக் குழம்பையும் முப்பது வருடம் அடுத்தவருக்குப் பரிமாறியவனுக்கு நாக்கு நீளமாகத்தான் இருக்கும். புதிதாக ஒரு சாப்பாட்டுக்கடை திறந்தால் எங்கள் வீடு இருக்கும் புருசெத்திலிருந்து ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு நித்திரை வரும். நாக்கு மட்டுமென்றால் பரவாயில்லை, வாயும் அப்படித்தான். யாருடைய விஷயத்திலும் மூக்கை நுழைத்து, இரண்டு புத்தி சொல்லி, முடிந்தால் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன். சனமும் தேடி வரும். விசா, வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம், எதற்கென்றாலும் என்னிடம் வருவார்கள். என்னுடைய நோர்வேஜிய எழுத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

அந்த உணவகத்துக்குள் நாங்கள் போனது தற்செயல். மனைவியைப் பல்வைத்தியரிடம் கூட்டிப் போய்விட்டு வரும்போது, பனியும் மழையும் கலந்து முகத்தில் அடித்தது. ஒதுங்குவதற்காகக் கதவைத் திறந்தோம். உள்ளே ஆறு மேசை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மனிதர் மாவைக் கயிறுபோல இழுத்து, மடித்து, மேடையில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் மேசையில் இருந்த கரண்டிகள் துள்ளின. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒரு செம்பும் தாம்பாளமும் கொண்டுவந்து எங்கள் கைகளில் மூன்றுமுறை தண்ணீர் ஊற்றினார். மனைவி எங்கள் வழக்கப்படி கையை உதறினாள். சுவரெல்லாம் தெறித்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே துவாய் நீட்டினார்.

"எங்களிடம் உதறக்கூடாது," என்றார். நோர்வேஜிய மொழியில்தான் பேசினார். மொழி வகுப்பில் படித்த, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கும் பேச்சு. கடைசிவரைக்கும் எங்களுக்குள் அந்த மொழிதான்.

இழுத்த மாவில் செய்த லக்மான் வந்தது. ஆட்டிறைச்சி, தக்காளி, மிளகாய்ப்பழம் எல்லாம் சேர்ந்த குழம்பு மேலே. மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "இஞ்சேருங்கோ, இது இடியப்பத்தைப் பிழியாமல் இழுத்து எடுத்தமாதிரிக் கிடக்கு," என்றாள். நான் சட்டைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் மடித்த சரையை எடுத்தேன். எங்கே போனாலும் அது என்னோடு வரும். மனைவிக்கு வெட்கம். மேசைக்குக் கீழே காலில் உதைத்தாள். மா அடித்துக்கொண்டிருந்த மனிதர், அவர்தான் அந்தப் பெண்ணின் கணவர், வாசத்துக்கு வெளியே வந்து என் சரையிலிருந்து ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்தார். கண் கலங்கியது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அன்றோடு நாங்கள் வாடிக்கை.

எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் கேட்கும் முதல் கேள்வி உண்டு. எந்த ஊர், ஊரில் யார் இருக்கிறார்கள். நானும் கேட்டேன். அந்தப் பெண் முதலில் "சீனா" என்றார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் ஊரின் பெயரைச் சொன்னார். சீனாவின் மேற்குக் கோடியில், உய்குர்ச் சனத்தை முகாம்களில் அடைத்துவைக்கும் பக்கம். ஊரில் யார் என்பதற்கு, "அம்மா. அம்மா மட்டும்," என்றார். அப்பா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. கணவர் கசகஸ்தானில் பிறந்த உய்குர், அவருடைய ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள். "அம்மாவைக் கூப்பிட முடியாதா?" என்று கேட்டேன். அவர் ரொட்டிக் கூடையை என் பக்கம் தள்ளினார்.

ஞாயிறுகளில் தேவாலயத்தில் பூசை முடிந்து நேராக அங்கே போவது எங்கள் பழக்கமாயிற்று. கடை திறப்பது பன்னிரண்டு மணிக்கு. எங்களைத் தெரிந்தபடியால் முன்னதாகவே கதவைத் திறந்துவிடுவார். அப்படி ஒரு ஞாயிறு பதினொரு மணிக்குச் சற்று முன்னால் போனபோதுதான் அதைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய கம்பளப் படத்தைக் கழற்றி வைத்தார். கலண்டரைக் கழற்றினார். தலைத்துணியை அவிழ்த்து, முடியை வாரி, சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த வெறும் சுவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே மா அடிக்கும் சத்தம் நின்றது. தொலைபேசி அடித்தது.

திரையில் ஒரு வயதான அம்மா. பத்து நிமிடம் இருவரும் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். முடிந்ததும் அவர் அந்தக் கதிரையிலேயே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து படத்தை மாட்டினார்.

"என்ன கதைத்தீர்கள்?" என்று கேட்டேன். என் வாய்தான் சும்மா இராதே.

"மழை. வெயில். என்ன சமைத்தாய். கால் நோவு எப்படி," என்றார். "அவ்வளவுதான் கதைக்கலாம். சில நேரம் அம்மாவுக்குப் பக்கத்தில் அரசாங்கத்து ஆள் இருப்பார். நான் எங்கே என்ன செய்கிறேன் என்று அம்மா கேட்கமாட்டார். உண்மையில் அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கமாட்டேன். முகத்தைப் பார்ப்பேன். மெலிந்திருக்கிறாரா என்று பார்ப்பேன்."

என்னைப் பெரிய சமையல்காரன் என்று நினைத்து, தன் தாய் மண் அடுப்புக்கு முன்னால் ரொட்டியோடு நிற்கும் பழைய படம் ஒன்றை எனக்கு அனுப்பினார். அடுப்பு எப்படிக் கட்டுவது என்று நான் கேட்டதற்காக. அகலமான முகம். மா ஒட்டிய முழங்கை. யாரோ சிரிக்க வைத்த நேரத்தில் எடுத்த படம்.

இனி என் தம்பியின் கதை. முப்பது வருடமாக நான் சொல்லிவரும் கதை. கல்யாண வீடு, செத்த வீடு, எங்கே வாய் கிடைத்தாலும் சொல்வேன். சொல்வது இப்படித்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. நான் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் குடலுக்குள் நிற்கிறேன். அம்மா தொலைபேசியில் அழுது, "ஒருத்தருக்கும் எழுதிப்போடாதை மேனை, அறிஞ்சால் அடிச்சே கொண்டுபோடுவாங்கள்," என்றார். நான் கேட்கவில்லை. மீன் தொழிற்சாலை ஃபோர்மனின் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அவருடைய சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல அவர் தட்டெழுத, பாராளுமன்றத்துக்கு, தேவாலயங்களுக்கு, மனித உரிமைக்காரருக்கு என்று பதினான்கு கடிதம் போட்டோம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் சிறைக்கூடத்துக்குப் போய்த் தம்பியைப் பெயர் சொல்லிக் கேட்டார். பெயர் சொல்லிக் கேட்ட பிறகு அவனை அடிக்கவில்லை. பதினொரு மாதத்தில் விட்டார்கள். இப்போது கனடாவில் வண்டியும் தொந்தியுமாக இருக்கிறான்.

கதையின் முடிவில் நான் விரலை ஆட்டி ஒன்று சொல்வேன். "வெளியிலை தெரிஞ்ச பேரை அவங்கள் தொடமாட்டாங்கள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தால்தான் ஆளைக் காணாமல் போகும்." இதை நான் பைபிளைப்போல நம்பினேன்.

பிறகு ஒரு ஞாயிறு பதினொரு மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. அந்தப் பெண் வெறும் சுவருக்கு முன்னால் பன்னிரண்டு மணிவரை இருந்தார். அடுத்த முறையும் அடிக்கவில்லை. அன்று கணவர் மூன்றுதரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடை திறக்கும் நேரமாகியும் அந்தப் பெண் எழும்பவில்லை. நான்தான் கதவில் தொங்கிய பலகையைத் திருப்பிவிட்டேன்.

"கடிதம் எழுதுவோம்," என்றேன்.

"வேண்டாம்."

"எனக்கு அனுபவம் இருக்கிறது. என் தம்பியை..."

"உங்கள் தம்பியின் கதை சொல்லியிருக்கிறீர்கள்." அவருக்கு உதடு காய்ந்து போயிருந்தது. "உங்கள் இடம் வேறு. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் வருவார்கள். சத்தம் இல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள். என் அம்மாவை அவர்கள் மறந்திருக்கவேண்டும். அது ஒன்றுதான் எனக்குத் தேவை. வேண்டாம்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதப்பிறவி எப்படிச் சொல்லும்? எனக்கோ அது என் அம்மாவின் குரலாகக் கேட்டது. பயந்த சனம், பயத்தில் வேண்டாமென்கிறது, தெரிந்தவன் நான்தான் செய்யவேண்டும் என்று தலைக்குள் ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மடிக்கணினியைத் திறந்தேன். தாயின் முழுப்பெயர், வயது, ஊர், கடைசியாகத் திரையில் கண்ட நாள், ஒஸ்லோவில் உணவகம் நடத்தும் மகள், எல்லாம் எழுதினேன். அடுப்புக்கு முன்னால் நிற்கும் படத்தையும் இணைத்தேன். காணாமற்போனவர்களின் பெயர்ப்பட்டியலை இணையத்தில் வைத்திருக்கும் ஓர் அமைப்பை ஏற்கெனவே தேடிப் பிடித்திருந்தேன்.

மனைவி பின்னால் நின்று வாசித்தாள்.

"அந்தப் பிள்ளை வேண்டாமெண்டு சொன்னதெல்லே?"

"உமக்கு உது விளங்காது."

"விளங்கிறதுக்கு என்ன கிடக்கு? தாய் அவவின்ரை. அவ வேண்டாமெண்டால் வேண்டாம்தான்."

"என்ரை அம்மாவும் வேண்டாமெண்டுதான் சொன்னவ. தம்பி இண்டைக்கு இருக்கிறானோ இல்லையோ?"

அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டு அறைக்குள் போனாள். எனக்குப் பசி. அவளுடைய கோபம் எனக்குப் பழக்கம்தானே என்று அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, இருந்ததைப் போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்து முறை வந்த ஞாயிறு தாய் திரையில் வந்தார்.

ஒரு கண்ணில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. கண்ணில் சத்திரசிகிச்சை. பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், தொலைபேசியைப் பிடித்துத் தர ஆளில்லை, அவ்வளவுதான். அந்த ஊர்ப் பேச்சில் "ஆஸ்பத்திரி" என்றால் தடுப்புமுகாம் என்று ஒரு மறைபொருள் உண்டாம். அதனால் தாய் பஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார், இது உண்மையான ஆஸ்பத்திரி என்று மகளுக்கு விளங்கட்டுமென்று. அழைப்பு முடிந்ததும் மகள் எழுந்து வந்து என் மனைவியைக் கட்டிப்பிடித்தார். கணவர் ஒரு தாம்பாளம் நிறையப் போலோ கொண்டுவந்து வைத்தார். மஞ்சள் கரட், ஆட்டிறைச்சி, எண்ணெய் மினுங்கும் சோறு. அன்று நாலு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அந்தப் பெண் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

ரயிலில் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். "தாய் வந்திட்டா. இண்டைக்கே எழுதி அதை நிப்பாட்டுங்கோ."

"நாளைக்கு எழுதிறன்."

எழுதவில்லை. ஏன் என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை அந்த அமைப்பிலிருந்து பதில் வந்திருந்தது. இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி, உங்களைப் போன்ற துணிச்சலானவர்கள் குறைவு என்று இரண்டு வரி. அந்த ஒரு சொல்லை ஐந்தாறு தடவை வாசித்தேன். துணிச்சலானவர். வேலையிலிருந்து ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்த ஒரு குசினிக்காரனுக்கு அது எப்படி இனித்ததென்று நினைக்கிறீர்கள்? பட்டியலில் பெயர் இருந்தால் நாளைக்கும் பாதுகாப்புத்தானே என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அடுத்த கிழமை பெயரும் படமும் இணையத்தில் ஏறின. வேலைக்குப் போகும் வழியில் திறந்து பார்த்தேன். பெருமையாக இருந்தது. த்தூ!

அதற்கு அடுத்த ஞாயிறு நாங்கள் வழக்கம்போலப் போய் மூலை மேசையில் இருந்தோம். அவர் படத்தைக் கழற்றினார், கலண்டரைக் கழற்றினார், உட்கார்ந்தார். மா அடிக்கும் சத்தம் நின்றது. சரியாகப் பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. அவர் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பதிலுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இருந்த இடத்திலிருந்து திரை பக்கவாட்டில் தெரிந்தது. தாய் ஒரு மேசைக்கு முன்னால் நேராக உட்கார்ந்திருந்தார். கையில் கடதாசி. அதைப் பார்த்து வாசித்தார். எனக்கு அவர்களுடைய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் வாசிக்கிறார் என்பது தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுந்து நின்று வாசிப்பதுபோல, ஒரே சுருதியில், நிற்கவேண்டாத இடத்தில் நின்று வாசித்தார். இடையில் ஓரிடத்தில் வரி தவறிவிட்டது. கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. ஆம்பிளைக் கை, கறுப்புச் சட்டைக்கை. ஒரு விரல் எந்த வரி என்று காட்டியது. தாய் மீண்டும் வாசித்தார். முடிந்தது. திரை இருண்டது. மூன்று நிமிடம்கூட இல்லை.

கணவர் மாக்கையோடு வெளியே வந்தார். இருவரும் தங்கள் மொழியில் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். கணவர் தன் தொலைபேசியில் தேடினார். தேட நேரம் எடுக்கவில்லை. தாயின் பெயரை அடித்தால் முதலில் வருவதே அந்தப் பக்கம்தான். அந்தப் பெண் அதை வாங்கிப் பார்த்தார். மனைவி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அவர் எழுந்து எங்கள் மேசைக்கு வந்தார். தொலைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தப் படத்தை நான் ஒருவருக்குத்தான் அனுப்பினேன்."

"ஓம். நான்தான்," என்றேன்.

"நான் வேண்டாம் என்று சொன்னேன்."

"சொன்னீர்கள்."

"என் நோர்வேஜிய மொழி சரியில்லையா? நான் சொன்னது உங்களுக்கு விளங்கவில்லையா?"

அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. மெய்யாகவே கேட்டார். எங்கே தன் பிழை என்று தேடினார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஃபோர்மன் திட்டியிருக்கிறான், மாமனார் திட்டியிருக்கிறார். அவையெல்லாம் உறைக்கவில்லை. இது உறைத்தது.

"விளங்கியது," என்றேன்.

பிறகு அவர் தாய் வாசித்ததைச் சொன்னார். நான் சுகமாக இருக்கிறேன், அரசாங்கம் என்னை நன்றாகப் பார்க்கிறது, வெளிநாட்டில் கெட்டவர்கள் என் பெயரைச் சொல்லிப் பொய் பரப்புகிறார்கள், அவர்களோடு சேர்ந்து என்னை அவமானப்படுத்திய மகள் எனக்கு வேண்டாம், இனி என்னைக் கூப்பிடாதே. சொல்லி முடித்துவிட்டு, "கடை திறக்கவேண்டும்," என்றார். நாங்கள் எழுந்து வந்தோம்.

ரயிலில் மனைவி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வாய் திறந்தேன். "தம்பிக்குச் சரிவந்தது, இதுக்கும் சரிவருமெண்டு..."

"என்ரை அண்ணாவும் அந்த லொட்ஜிலைதானே இருந்தவர்," என்றாள்.

நான் ரயில் அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

"அதே நாள்தானே கொண்டுபோனவங்கள். அவரின்ரை பேரையும் அந்தப் பதினாலு கடிதத்திலையும் நீங்கள்தானே எழுதினனீங்கள். உங்கடை தம்பி வந்தார். அண்ணா வரேல்லை. முப்பது வருசமாக் கதை சொல்லுறியள். ஒருநாளெண்டாலும் அண்ணாவைச் சேர்த்துச் சொன்னீங்களோ?"

உண்மை. அந்தக் கடிதங்களின் தொடர்பில்தான் இரண்டு குடும்பமும் பழகி எங்களுக்குக் கல்யாணமானது. அவளுடைய அண்ணனின் பெயர் தம்பியின் பெயருக்கு அடுத்த வரியில் இருந்தது. ஒரே கடதாசி, ஒரே தட்டெழுத்து. அவரையும் போய்ப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பெயரைச் சேர்த்தால் என் கதை கதையாக வராது. அதனால் விட்டுவிட்டேன். அவள் பக்கத்தில் இருக்கும்போதுதான் அத்தனை சபையிலும் அந்தக் கதையைச் சொன்னேன். அவள் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

அன்றே அந்த அமைப்புக்கு எழுதினேன். நான்கு நாளில் பெயரை எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன? அதற்குள் வேறு பத்து இடத்தில் ஏறியிருந்தது. இரண்டு கிழமை கழித்து ஞாயிறு பதினொரு மணிக்கு நான் வீட்டில் இருந்தேன். பூசைக்கும் போகவில்லை. அங்கே தொலைபேசி அடித்திருக்காது என்று தெரிந்தும் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவரே கூப்பிட்டார். மனைவியும் நானும் போனோம். மெலிந்திருந்தார். ஊர்ப்பக்கமிருந்து ஒரு சொல் வந்திருக்கிறது என்றார். தாயை அடிக்கடி கூட்டிக்கொண்டு போய் மணிக்கணக்கில் விசாரிக்கிறார்கள். வெளிநாட்டு மகளைப் பற்றியே கேட்கிறார்கள். ஒரு வழிதான் இருக்கிறது. படத்தில் இருப்பவர் தன் தாய் இல்லை, ஆள்மாறாட்டம், என்று அவர் எழுதிக் கையெழுத்து வைத்து, அதை அதே இடத்தில் போடவேண்டும்.

"நீங்கள் நன்றாக எழுதுவீர்கள்," என்றார். "எழுதித் தாருங்கள்."

பழிவாங்கலாக இருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். அதுவும் இல்லை. அவருக்கு எழுத ஆள் தேவைப்பட்டது. மேசையில் இருந்து எழுதினேன். "இந்தப் பட்டியலில் இருந்த பெண்ணை எனக்குத் தெரியாது. என் தாய் நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார்." வாசித்துக் காட்டினேன். அவர் யோசித்தார்.

"அது போதாது. தாயின் படம் இருக்கிறதா என்று கேட்பார்கள்," என்றார். "அவருடைய முகம் எனக்கு நினைவில்லை என்று எழுதுங்கள்."

எழுதினேன். என் மனைவி எழுந்து கழிப்பறைப் பக்கம் போனாள். கணவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்து வைத்துவிட்டு, இன்றைக்கே அனுப்பமுடியுமா என்று கேட்டார். அங்கேயே இருந்து அனுப்பினேன். அடுத்த நாள் அமைப்புக்காரர் அதை மூன்று மொழியில் போட்டார்கள்.

தாய் இறந்துவிட்டார் என்ற செய்தி போன இலையுதிர்காலத்தில் வந்தது. கணவரின் உறவினர் ஒருவர் எல்லையில் வியாபாரத்துக்கு வந்தவரிடம் கேட்டுச் சொன்னது. எந்த மாதம் என்று சரியாகத் தெரியவில்லை. குளிர் நாளில் என்றார்களாம். அந்த மறுப்பை நாங்கள் போட்டதும் குளிர் நாளில்தான். அதற்கு முன்னாலா பின்னாலா என்று யாருக்கும் தெரியாது. என்ன நோய் என்றும் தெரியாது.

செத்த வீடு கேட்கப் போவதுபோல நானும் மனைவியும் கறுப்புச் சட்டையோடு போனோம். பின்னேரம், கடையில் வேறு யாரும் இல்லை. அவர் எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். இதை எழுதட்டுமா என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். இப்போதெல்லாம் கேட்டுத்தான் செய்கிறேன்.

"எழுதுங்கள்," என்றார். "இனிப் பாதுகாக்க அங்கே யாரும் இல்லை."

மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் என்னிடம் கேட்டார்.

"முகம் நினைவில்லை என்று எழுதினோமே, அந்தக் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டியிருப்பார்களா?"

"இல்லை, இல்லை," என்றேன். வாய் தானாக ஓடியது. "நிச்சயமாகக் காட்டியிருக்கமாட்டார்கள்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது என்றேன்.